முதல்வன் எனப் பெயரிடப்பட்ட மூலக்கூறு

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறைக்கும் வேதியியல் துறைக்கும் நடுவே ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் தேநீர் அருந்திப் பழகிய நட்பில், வேதியியல் பேராசிரியர் ஒருவர் தமிழ்வழி மாணவர்களுக்காகத் தாம் எழுதிய பாடக்குறிப்பை ஒருநாள் என்னிடம் தந்தார். ஒற்றுப்பிழை பார்த்துத் தரவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. உயிரணுவில் உள்ள பெரிய மூலக்கூறுகளைப் பற்றிய குறிப்பு அது. அதன் முதற்பக்கத்தில் வரிசை எண்ணிட்ட ஓர் அட்டவணை இருந்தது. ஒன்று, புரதம்: கட்டுமானமும் வினையும். இரண்டு, உட்கரு அமிலம்: மரபுச் செய்தி. மூன்று, மாவுப்பொருள்: ஆற்றல். நான்கு, கொழுப்பு: சேமிப்பும் சவ்வும்.

ஒற்றுகளைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். அட்டவணை மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. இலக்கிய வரலாறு கற்பிப்பவனுக்கு அட்டவணைகளின் மேல் எப்போதும் ஓர் ஐயம் உண்டு. 'இருண்ட காலம்' என்ற இரண்டு சொற்களை ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்ததனால், களப்பிரர் காலத்தை எத்தனை தலைமுறை மாணவர்கள் திரும்பிப் பாராமல் கடந்து போனார்கள் என்பதை அறிவேன். அந்தக் கட்டத்தைக் கரும்பலகையில் வரைந்தவர்களுள் நானும் ஒருவன்.

ஆகவே நண்பரிடம் கேட்டேன்: "இந்த நான்கில் எது முதலில், எது கடைசியில் என்பதில் சண்டை ஏதும் நடக்கவில்லையா?"

அவர் சிரித்தார். "நூறாண்டுச் சண்டை ஐயா. நாங்கள் மாணவர்களுக்குத் தீர்ப்பை மட்டும் சொல்கிறோம், வழக்கைச் சொல்வதில்லை," என்றார்.

அந்த வழக்கைத் தெரிந்துகொள்ளும் ஆவலில் சில மாதங்கள் அவர் தந்த நூல்களைப் படித்தேன். படித்து முடித்தபோது இது வேதியியலின் கதையாக மட்டும் தோன்றவில்லை. ஒரு சொல் எப்படி அறிஞர்களின் கண்களைத் திருப்புகிறது, எவற்றைக் காணாமல் செய்கிறது என்பதன் கதையாகவும் தோன்றியது.

*

'புரோட்டீன்' என்ற சொல் பிறந்த ஆண்டு 1838. ஹாலந்து நாட்டு வேதியியலாளர் ஹெரார்டஸ் முல்டர் முட்டையின் வெண்கரு, உறைந்த குருதியின் நார்ப்பொருள் முதலியவற்றைப் பகுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே விகிதம் கிடைத்தது: 400 கார்பன் அணு, 620 ஹைட்ரஜன், 100 நைட்ரஜன், 120 ஆக்சிஜன், அவற்றோடு சிறிதளவு கந்தகமும் பாஸ்பரஸும். செடியிலும் விலங்கிலும் இருப்பது ஒரே அடிப்படைப் பொருள், கந்தகமும் பாஸ்பரஸும் கூடுவதிலும் குறைவதிலுமே வேறுபாடு என்று அவர் முடிவு செய்தார். அப்போது ஐரோப்பிய வேதியியலின் பெரியவராக விளங்கிய ஸ்வீடனின் பெர்சீலியஸ், முல்டருக்கு எழுதிய கடிதத்தில் அப்பொருளுக்குப் பெயர் சூட்டினார். முதல் தகுதியுடையது, முன்னிற்பது எனப் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

முல்டரின் கொள்கை நெடுநாள் நிற்கவில்லை. முதலில் ஆதரித்த ஜெர்மானியர் லீபிக்கே பின்னர் அதை எதிர்த்தார். எல்லாப் புரதங்களுக்கும் அடியில் ஒரே பொருள் இருக்கிறது என்பது பிழை என்று தெரிந்தது. கொள்கை போயிற்று, பெயர் நின்றது. பெயரோடு அதில் பொதிந்திருந்த தகுதியும் நின்றது. நம் 'புரதம்' என்ற சொல்லும் ஒலியால் அதை ஒட்டியே அமைந்தது. ஆயினும் 'புரத்தல்' என்னும் காத்தல் வினையை நினைவூட்டுவதால், அதற்கும் ஒரு கம்பீரம் தானாகவே வாய்த்துவிட்டது.

அதே 1838-இல் பிரெஞ்சு நாட்டு அன்செல்ம் பயேன் செடிகளின் உடற்சுவரில் உள்ள பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு 'செல்லுலோஸ்' என்று பெயர் வந்தது; சிற்றறையைச் சேர்ந்தது என்பதற்கு மேல் அப்பெயரில் ஒன்றுமில்லை. ஒன்றுக்கு அரியணை, மற்றொன்றுக்குச் சுவர். வரலாறு அந்த ஆண்டிலேயே பந்திக்கு இலை போட்டுவிட்டது எனலாம்.

*

முப்பதாண்டுகள் கழித்து ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகருக்கு ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற 24 வயது சுவிஸ் இளைஞர் வந்து சேர்ந்தார். மருத்துவம் படித்தவர், செவித்திறன் குறைந்தவர். நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்பதற்குப் பதில் ஆய்வகத்தைத் தேர்ந்துகொண்டார். பேராசிரியர் ஹோப்பே-சைலரின் ஆய்வகம் மலைமேல் இருந்த பழைய கோட்டையில் இயங்கியது. மீஷருக்குக் கிடைத்த இடம் அக்கோட்டையின் முன்னாள் சமையற்கூடம்.

அவர் தேடிவந்தது புரதத்தைத்தான். வெள்ளையணுக்களில் என்னென்ன புரதங்கள் உள்ளன என்பதே அவருடைய கேள்வி. வெள்ளையணுக்கள் திரளாகக் கிடைக்குமிடம் சீழ். அருகிலிருந்த அறுவை மருத்துவமனையிலிருந்து சீழ் தோய்ந்த கட்டுத்துணிகளைப் பெற்று, அவற்றை அலசி வெள்ளையணுக்களைப் பிரித்தார். 1869-இல் அவற்றின் உட்கருவிலிருந்து ஒரு வெண்மையான பொருள் படிந்தது. அது எந்தப் புரதத்தைப் போலவும் நடந்துகொள்ளவில்லை. புரதத்தைச் செரிக்கும் பெப்சின் அதை ஒன்றும் செய்யவில்லை. அதில் பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தது. உட்கருவில் கிடைத்ததால் 'நியூக்ளின்' என்று அதற்குப் பெயரிட்டார். ஹோப்பே-சைலர் எளிதில் நம்புபவர் அல்லர். சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்த பின்னரே 1871-இல் கட்டுரையை வெளியிட்டார். இன்று டி.என்.ஏ. என்று பள்ளிச் சிறுவரும் சொல்லும் பொருள் மனிதன் கைக்கு முதன்முதலில் வந்தது அப்படித்தான், எறியவேண்டிய துணியிலிருந்து.

பின்னர் சொந்த ஊரான பாசலுக்குத் திரும்பிய மீஷர், ரைன் ஆற்றில் வரும் சால்மன் மீனின் விந்தணுக்களில் அதே பொருளை ஆராய்ந்தார். கருவுறுதலுக்குக் காரணமான பொருள் ஒன்று உண்டென்றால் அது நியூக்ளினாக இருக்கலாமோ என்று ஒருகட்டத்தில் எண்ணவும் செய்தார், எண்ணி, கைவிட்டார்.

என்னைப் பல நாள் உறுத்திய செய்தி இதற்குப் பின் வருவது. 1892-இல் தம் தாய்மாமனும் உடற்கூற்றியல் அறிஞருமான வில்ஹெல்ம் ஹிஸ்ஸுக்கு மீஷர் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோரின் பண்புகள் பிள்ளைக்கு எவ்வாறு இறங்குகின்றன என்பதைப் பற்றிய சிந்தனை அதில் உள்ளது. எல்லா மொழிகளின் சொற்களும் கருத்துகளும் இருபத்து நான்கு முதல் முப்பது வரையிலான எழுத்துகளில் அடங்கிவிடுவதுபோல, மரபின் வளமனைத்தும் ஒரு பெரிய மூலக்கூறின் உள்ளமைப்பு வேறுபாடுகளில் அடங்கலாம் என்று எழுதுகிறார். எழுத்து, சொல், பொருள் என்ற உவமையை இருபதாம் நூற்றாண்டின் உயிரியல் முழுவதும் பயன்படுத்தப் போகிறது. அறுபதாண்டுகளுக்கு முன்பே அது மீஷரின் கையில் இருந்தது. ஆனால் அவர் அந்த உவமையை எதற்குச் சூட்டினார் தெரியுமா? புரதத்துக்கு! உட்கரு அமிலத்தைக் கண்டெடுத்தவரே, மரபின் ஏடு எது என்று கேட்டபோது, முதல்வன் எனப் பெயர்பெற்ற மூலக்கூறை நோக்கியே கைகாட்டினார். 1895-இல் காசநோயால் அவர் இறந்தார், வயது 51.

*

'பெரிய மூலக்கூறு' என்ற கருத்தே அன்று ஏற்கப்படாத ஒன்று. அமினோ அமிலங்கள் கைகோத்துச் சங்கிலியாகிப் புரதமாகின்றன என்பதை 1902-இல் எமில் ஃபிஷரும் ஃப்ரான்ஸ் ஹோஃப்மைஸ்டரும் தனித்தனியே முன்வைத்தனர். ஃபிஷர் 1907-இல் பதினெட்டு அலகுகள் கொண்ட சங்கிலியைத் தாமே கோத்தும் காட்டினார். அவர் கூட, ஹைட்ரஜன் அணுவின் எடையை ஒன்று என்று கொண்டால் சுமார் 5,000-க்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் இருக்கும் என்று நம்பவில்லை. ரப்பர், மாவு, புரதம் எல்லாம் சிறு மூலக்கூறுகள் ஏதோ ஓர் ஈர்ப்பால் மொய்த்துக் கிடக்கும் திரள்களே என்பது பெரும்பான்மைக் கருத்து.

இதை எதிர்த்து நின்றவர் ஹெர்மன் ஷ்டாவ்டிங்கர். 1920-இல் வெளியிட்ட கட்டுரையில், இவை திரள்கள் அல்ல, ஆயிரக்கணக்கான அணுக்கள் உறுதியான பிணைப்புகளால் தொடுக்கப்பட்ட நெடுஞ்சங்கிலிகள் என்றார். மணற்குவியலுக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடு இது. 1922-இல் 'மேக்ரோமூலக்கூறு' என்ற சொல்லையும் அவரே படைத்தார். பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், உங்கள் ரப்பரை நன்றாகத் தூய்மை செய்தால் அது படிகமாகிவிடும் என்று புகழ்பெற்ற வேதியியலாளர் ஒருவர் தமக்கு அறிவுரை கூறியதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். ஸூரிச் நகரில் 1925-இல் அவர் ஆற்றிய உரை பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆனால் அதே காலத்தில் ஸ்வீடனின் ஸ்வெட்பெர்க் தாம் அமைத்த அதிவேகச் சுழற்பொறியில் ஹீமோகுளோபினைச் சுழற்றிப் பார்த்தார். அதன் மூலக்கூறுகள் யாவும் ஒரே எடையில், 60,000-க்கும் மேலாக இருந்தன. மொய்த்துக் கிடக்கும் திரளாக இருந்தால் எடைகள் பலவாறாக அல்லவா இருக்கவேண்டும்? ஷ்டாவ்டிங்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல், அவருடைய 72ஆம் வயதில்.

1926-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர், வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என்று காட்டினார். இளம்வயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர் அவர்; ஒற்றைக் கையோடு ஒன்பது ஆண்டுகள் உழைத்துப் பெற்ற படிகம் அது. உயிரணுவில் நடக்கும் வினைகளை முடுக்குபவை புரதங்கள் என்பது மெல்ல நிலைபெற்றது. பெயரளவில் முதல்வனாக இருந்தது செயலளவிலும் முதல்வனாயிற்று.

அரியணை உறுதியானபோது அருகில் நின்றவர்களின் இடமும் உறுதியாயிற்று. உட்கரு அமிலம் நான்கே வகை அலகுகளால் ஆனது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் ஃபீபஸ் லெவீன் உட்கரு அமில ஆய்வில் பேரறிஞர். அதன் சர்க்கரைகளை இனங்கண்டவர். அந்த நான்கும் சம அளவில், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அவர் கருதினார். நமக்குப் புரியும் வகையில் சொன்னால், 'கசடத, கசடத, கசடத' என்று மட்டுமே எழுதப்பட்ட ஓலைச்சுவடி அது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் படிக்க ஒன்றுமில்லை. புரதத்துக்கோ இருபது எழுத்துகள். மரபின் ஏடு எதுவாக இருக்கும் என்பதில் யாருக்கு ஐயம் வரும்?

*

மற்ற இருவரையும் இங்கே பார்த்துவிடலாம்.

மாவுப்பொருள் என்றால் எரிபொருள் என்பதே வழக்கமான எண்ணம். செடி ஆக்கும், விலங்கு எரிக்கும். இவ்வெண்ணத்தை முறித்தவர் க்ளோத் பெர்னார். சர்க்கரையே சேராத உணவளித்த விலங்கின் ஈரலிலும் சர்க்கரை இருப்பதை அவர் கண்டார். 1857-இல் அதன் மூலமான கிளைகோஜனைப் பிரித்தெடுத்தார். விலங்குடலும் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோத்துச் சேர்த்து வைக்கிறது, வேண்டும்போது அவிழ்க்கிறது என்பது அதனால் தெரிந்தது. அரிசி மாவும் பருத்தி நூலும் ஒரே குளுக்கோஸ் அலகால் ஆனவை. அலகுகள் கைகோக்கும் கோணம் மட்டும் வேறு. அந்த ஒரு கோணத்தால் ஒன்று நமக்குச் சோறு, மற்றது நமக்குச் சேலை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் இரண்டாவதையும் சோறாக்குகின்றன.

கொழுப்பு, கறாராகச் சொன்னால், இக்குடும்பத்தில் பிறந்ததன்று. அது சங்கிலியாகக் கோக்கப்படுவதில்லை. சிறு மூலக்கூறுகள் நீருக்கு அஞ்சி ஒன்றையொன்று அணைத்து நிற்பதே அதன் வலிமை. ஷ்டாவ்டிங்கரின் எதிரிகள் சொன்ன 'திரள்' என்ற கருத்து உண்மையில் பொருந்துவது இங்கேதான். 1925-இல் ஹாலந்தின் கோர்ட்டரும் க்ரெண்டலும் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீர்மேல் ஓரடுக்காகப் பரப்பினார்கள். அது பரவிய பரப்பு, அந்தச் சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இருமடங்கு இருந்தது. ஆகவே உயிரணுவின் சவ்வு ஈரடுக்குக் கொழுப்பு என்றனர். அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரிக்கவில்லை. மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டனர். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டதால் விடை சரியாக வந்தது! உள்ளே, வெளியே என்ற எல்லை இல்லாமல் உயிர் இல்லை. அந்த எல்லையை வகுப்பது, அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் நிற்கும் இந்தக் கொழுப்பு.

*

1928-இல் லண்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் க்ரிஃபித், நிமோனியாக் கிருமியில் ஒரு புதிரைக் கண்டார். கொல்லும் வகையைச் சுட்டுக் கொன்று, தீங்கற்ற வகையோடு கலந்து எலிக்குள் செலுத்தினால் எலி இறந்தது. அதன் குருதியில் கொல்லும் வகை உயிரோடு இருந்தது. இறந்தவற்றிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளவற்றுக்குள் புகுந்து அவற்றின் குலத்தையே மாற்றியிருக்கிறது. அது எது?

லெவீன் பணியாற்றிய அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் மருத்துவமனையில் ஆஸ்வால்ட் ஏவரி இக்கேள்வியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். மெலிந்த உருவம், மணமாகாதவர், அதிகம் பேசாதவர். காலின் மெக்லியோட், மெக்லின் மெக்கார்ட்டி ஆகியோருடன் அவர் செய்தது விலக்கி விலக்கித் தேடும் வேலை. புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார்கள், குலமாற்றம் நின்றபாடில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார்கள், அப்போதும் நிற்கவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி கலந்த சாற்றைச் சேர்த்தபோது நின்றுவிட்டது. 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளியானபோது ஏவரிக்கு 66 வயது. அக்கட்டுரை அடக்கத்தின் உச்சம்; மரபணு டி.என்.ஏ.வால் ஆனது என்று அதில் உரத்துச் சொல்லப்படவில்லை.

உரத்துச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது ஐயம். அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரட் மிர்ஸ்கி, ஏவரியின் டி.என்.ஏ.வில் கண்ணுக்குத் தெரியாத அளவில் புரதம் ஒட்டியிருக்கும், வேலையைச் செய்தது அதுதான் என்று வாதிட்டார். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளவும் முடியாது. அக்காலக் கருவிகளால் கடைசித் துளிப் புரதமும் இல்லை என்று நிறுவ இயலவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். டி.என்.ஏ.தான் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. புரதம்தான் என்பதற்கு யாரும் சான்று கேட்கவில்லை. அரசனிடம் யார் பத்திரம் கேட்பார்கள்?

கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். எர்வின் சார்காஃப் ஏவரியைப் படித்துவிட்டுத் தம் ஆய்வையே திசைதிருப்பிக்கொண்டார். நான்கு எழுத்துகளும் சம அளவில் இல்லை, உயிரினத்துக்கு உயிரினம் விகிதம் மாறுகிறது, ஆயினும் இரண்டிரண்டு எழுத்துகள் எப்போதும் இணையாக வருகின்றன என்று 1950-க்குள் காட்டினார். 'கசடத' சுவடி அன்றோடு கிழிந்தது. 1952-இல் ஹெர்ஷியும் சேஸும் நச்சுயிரியை வைத்து அதே முடிவுக்கு வந்தார்கள். 1953-இல் ரோசலின்ட் ஃப்ராங்க்ளினின் எக்ஸ்-கதிர்ப் படத் தரவுகளின் துணையோடு வாட்சனும் க்ரிக்கும் இரட்டைச் சுருளை அமைத்தனர். அதன் பிறகான கதையை எல்லோரும் அறிவர். ஏவரி 1955-இல் இறந்தார். நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்படவே இல்லை.

*

இரட்டைச் சுருளுக்கு மறு ஆண்டு முப்புரிச் சுருள் வந்தது, சென்னையிலிருந்து.

சி.வி. ராமனின் மாணவரான ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது கூட நிறையவில்லை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்துக்கு இன்னும் சரியான வடிவம் காணப்படவில்லை என்று குறிப்பிட்டார். புரதங்களுக்குள்ளும் மேல், கீழ் உண்டல்லவா? நொதிகளும் ஹீமோகுளோபினும் மேலோர். கொலாஜன் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் கிடக்கும் நார். நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம் அதுவே என்றாலும் தோல் பதனிடுவோரின் பொருளாகவே அது அறியப்பட்டிருந்தது. கிண்டி வளாகத்துக்கு அருகில், அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது நல்வாய்ப்பாயிற்று. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது.

கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. இந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நடந்தார்கள். மூன்று சங்கிலிகள் கயிறாக முறுக்கிக்கொண்டால் நடுவே இடம் மிகக் குறுகலாக இருக்கும். ஒவ்வொரு மூன்றாம் அலகும் அந்த நடுவில் வந்து விழும். அங்கே கிளைசின் ஒன்றுக்குத்தான் இடமுண்டு. 1954-இல் 'நேச்சர்' இதழில் வந்த இக்கருத்தை, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்குமாறு அவர்கள் 1955-இல் செம்மைப்படுத்தினர்.

உடனே மறுப்பு வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் ஃப்ரான்சிஸ் க்ரிக்கும், முப்புரி என்பதை ஏற்றுக்கொண்டு, சென்னை வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கியுள்ளன என்றனர். மூன்று அலகுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது இயலாது, ஒன்றே இயலும் என்பது அவர்கள் வாதம். ராமச்சந்திரனை இது சுட்டது. ஆனால் சுட்டவுடன் அவர் கேட்ட கேள்விதான் அவரைப் பெரியவராக்கியது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக்கூடாது? இதை யார் அளந்திருக்கிறார்கள்?

அளந்து பார்த்தார்கள். அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணு இடைவெளிகளைத் தொகுத்தனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருப்பங்கள் உண்டு. அவ்விரண்டு கோணங்களையும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சதுரத்தில் வைத்து, எந்தெந்தத் திருப்பத்தில் அணுக்கள் மோதுகின்றன என்று கணக்கிட்டனர். கணினி கையில் இல்லாத காலம். சதுரத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று. எஞ்சிய சில தீவுகளில் மட்டுமே புரதம் வாழமுடியும். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவர் பெயரில் 1963-இல் அக்கட்டுரை வெளியானது. 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் அதை அழைக்கிறது. கணினியைக் கொண்டு புரத வடிவங்களைக் கணித்தமைக்காக 2024-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றும் ஒரு புரத வடிவம் சரியா என்று பார்ப்பவர்கள் அதை அந்தச் சதுரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் பழைய வழக்கின் தீர்ப்பையும் சொல்லவேண்டும். 1994-இல் கொலாஜனை ஒத்த ஒரு சிறு சங்கிலியின் படிக வடிவம் துல்லியமாகத் தெரிந்தபோது, முப்புரி என்பது உறுதியாயிற்று. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதில் ரிச்சும் க்ரிக்கும் சொன்னதே சரியாயிற்று. ஆனால் சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலமாக நின்றன. இரண்டாவது பிணைப்பு நீரின் வழியாக அமையலாம் என்று 1968-இல் ராமச்சந்திரன் திருத்திச் சொல்லியிருந்தார். பாதி தோற்ற வழக்கிலிருந்து ஒரு வரைபடம் கிடைத்தது; வென்றிருந்தால் ஒருவேளை கிடைத்திராது.

*

டி.என்.ஏ.வைப் புதிய முதல்வனாக்கி இக்கதையை முடிப்பதே வழக்கம். அதுவும் பழைய பிழையின் மறுபதிப்பே என்று எனக்குத் தோன்றுகிறது. 2000-இல் உயிரணுவின் புரதத் தொழிற்கூடமான ரைபோசோமின் வடிவம் தெரியவந்தது. அமினோ அமிலங்கள் கைகோக்கும் அந்த இடத்தில் புரதமே இல்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே இருந்தது. முதல்வனைப் பெற்றெடுப்பது, வெறும் தூதன் எனக் கருதப்பட்ட ஒன்று! அவ்வாய்வுகளுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். ஆனால் அந்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.விலிருந்து படியெடுப்பது மீண்டும் ஒரு புரதம். வட்டத்தில் எது முதல்?

நம் அடையாள அட்டையில் அச்சிட்டிருக்கும் இரத்தப் பிரிவையே எடுத்துக்கொள்வோம். ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் வேறுபாடு, சிவப்பணுவின் மேல் நிற்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் உள்ள ஒரே ஒரு சர்க்கரை. அதை அங்கே பொருத்துவது ஒரு நொதி, அதாவது புரதம். அந்தப் புரதம் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதப்பட்டிருப்பது டி.என்.ஏ.வில். அந்தச் சர்க்கரைச் சங்கிலி வேரூன்றி நிற்பது சவ்வின் கொழுப்பிலும் புரதத்திலும். மாற்றிச் செலுத்தப்பட்ட இரத்தத்தால் ஒருவர் உயிர் போகும் என்றால், அதில் எந்த மூலக்கூறின் பங்கு முதன்மையானது என்று சொல்வது?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். "தேர்வுக்கு அட்டவணை வேண்டுமே ஐயா," என்றார். உண்மைதான், எங்களுக்கும் வேண்டும். மறுவாரம் பாடக்குறிப்பின் திருந்திய படியைக் கொண்டுவந்தார். நான்கு கட்டங்களும் அப்படியே இருந்தன. வரிசை எண்களை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

அந்தப் பருவத்தில் இலக்கிய வரலாற்று வகுப்பில் களப்பிரர் காலம் வந்தது. பலகையில் ஆண்டுகளை எழுதினேன். பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதை என்னவென்று அழைக்கலாம் என்று மாணவர்களைக் கேட்டேன்.